அசைகிற இடத்தில் ஒரு பொட்டு

பக்கத்து வீட்டு வாத்தியார் போன வாரம் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், நீங்க அந்தக் காலத்துல துப்பாக்கிக் கடையில இருந்தீங்களாமே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். துப்பாக்கிக் கடை என்று அவர் சொன்ன தோரணையில் எனக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. உண்மையில் நான் வேலை பார்த்தது பெரம்பலூரில் பம்புசெட்டும் ஸ்பிரேயரும் தார்ப்பாயும் எலிப்பொறியும் விற்கிற ஒரு கடை. அதில் ஒரு சுவர் முழுக்க ஏர் கன் தொங்கும். அவ்வளவுதான்.

வாத்தியாருக்குத் திருமானூர் பக்கம் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. பெருச்சாளி குடைந்து குடைந்து வரப்பு சல்லடையாகிவிட்டதாம், பாய்ச்சுகிற தண்ணீரெல்லாம் அடுத்தவர் வயலுக்குப் போகிறதாம். ஆன்லைனில் பார்த்துத் துப்பாக்கி வாங்கிவிட்டார். பெட்டியைப் பிரித்துக் குனிந்தபோது புது எண்ணெய் வாசனை வந்தது. கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார் போல, நெற்றியில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. துப்பாக்கி எண்ணெயும் சந்தனமும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. வலது கை எதையோ பிடிப்பதுபோலத் தானாக இறுகிக்கொண்டது. வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், மட்டமான ரகமா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

மட்டமில்லை. காற்றை முன்னாலேயே குழாயில் அடைத்து வைத்துக்கொள்கிற ரகம். சத்தம் குறைவு, தோளில் இடிக்காது. அதற்கென்று ஒரு கைப்பம்பு தனியாக வரும், அதை அடித்து முடித்தால் அன்றைக்கு வேறு உடற்பயிற்சி தேவையில்லை. எங்கள் காலத்தில் இது படத்தில்கூட வந்ததில்லை.

எங்கள் சுவரில் தொங்கியது மூன்றே ரகம். ஒன்று, மடக்குத் துப்பாக்கி. திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் நீங்களும் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். குழலைப் பிடித்து நடுவில் மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும், குழலின் பின்வாயில் ரவையை வைத்து நிமிர்த்தினால் தயார். கனமில்லை, பழுதானால் சைக்கிள் கடைக்காரர்கூடச் சரிசெய்துவிடுவார். ஆனால் மடக்கி மடக்கி மூட்டு தேய்ந்துவிடும். அப்புறம் எலியைக் குறிபார்த்தால் எலிக்குப் பக்கத்து மூட்டையில் படும். பலூன் கடைக்காரர்கள் வேண்டுமென்றே தேய்ந்த துப்பாக்கியாகப் பார்த்து வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.

ரவை என்றதும் நினைவு வருகிறது. சுடுகிற ஈயக்குண்டுக்கு எங்கள் பக்கம் ரவை என்றுதான் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்து "ரவை இருக்கா தம்பி" என்று கேட்க, எதிரே இருந்த மளிகைக் கடையைக் கைகாட்டி அனுப்பியவன் நான். அவரும் மறு பேச்சுப் பேசாமல் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பல நாள் கடையில் என் பெயர் உப்புமா.

இரண்டாவது, பம்ப் அடிக்கிற ரகம். எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு வேகம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நாம் அடித்து நிமிர்வதற்குள் பெருச்சாளி சாப்பிட்டு முடித்து வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவதுதான் அடி லிவர். இதில் குழல் அசையாது. அடியில் ஒரு கம்பி லிவர் இருக்கும். அதைக் கீழே இழுத்தால் சுருள்வில் இறுகி, உள்ளே இருக்கிற உருளை பின்னால் நகர்ந்து, மேல்பக்கம் ஒரு சின்ன வாய் திறக்கும். அந்த வாய்க்குள் விரலை விட்டு ரவையைக் குழலுக்குள் தள்ள வேண்டும். குழல் ஆடாததால் குறி தப்பாது, தானிய மூட்டைகளுக்கு நடுவே சுட இதைவிட நல்ல ரகம் அப்போது கிடையாது. ஒரே ஒரு ஆபத்து. விரல் உள்ளே இருக்கும்போது லிவர் நழுவினால் உருளை திரும்பி வந்து விரலை நறுக்கிவிடும். அப்படி நழுவாமல் இருக்க லிவரின் வேரில் ரம்பம் மாதிரி பற்களும், அதில் விழுகிற ஒரு கொக்கியும் வைத்திருப்பார்கள். இழுக்க இழுக்கக் கொக்கி ஒவ்வொரு பல்லாக டக், டக் என்று விழும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் நான் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி கோபக்காரர். ஆனால் அவருடைய கோபம் பாய்லர் தண்ணீர் மாதிரி, கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "காட்டு முயலு வுழுமாங்க? கௌதாரி?" என்பார்கள். மக்காச்சோளம் போட்டவர்கள் மயிலைப் பற்றிக் கேட்பார்கள். அவர் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிவிடுவார். "எலி, பெருச்சாளி. அதுக்கு மேல கேட்டீங்கன்னா கேசு உங்க மேல வராது, என் மேல வரும். எலிப்பொறி வாங்கிட்டுப் போங்க" என்பார்.

கடையில் நானும் கொளஞ்சியும்தான் ஆட்கள். கொளஞ்சிக்குப் பில் போடுகிற வேலை. பேருக்குத்தான் பில், துப்பாக்கியைக் காட்டிச் சுட்டு விளக்குவதும் அவளேதான். பின்பக்கக் கிடங்கில் அட்டையைத் தொங்கவிட்டுச் சுடுவோம். நான் சுட்டால் அட்டை பிழைத்துக்கொள்ளும். அவள் சுட்டால் நடுவில் ஓட்டை விழும். தினமும் விடிகாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டுத்தான் கடைக்கு வருவாள். டீக்கடையில் நின்றபடி நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தில் அவளுக்குப் பின்னால் வந்த பையன்களுக்கு அன்றைக்கு டீ கசக்கும்.

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ஆயுதபூசை முடிந்த கையோடு திருச்சியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மூன்றும் இருந்தன. அப்பா இல்லை. அம்மா பருத்தி எடுக்கப் போகிறவர். வேலை கிடைத்தால் அவள் இஷ்டம், கிடைக்காவிட்டால் தை மாதம் உடையார்பாளையத்துத் தாய்மாமனோடு கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். "எங்க மாமன் தெனம் சாமி கும்புடுதாம் அண்ணே, நான் பெயிலாவணும்னு" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சட்டென்று பில் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

அந்த வருடம் ஆயுதபூசை கடையில் அமர்க்களமாக நடந்தது. ஸ்பேனர், குறடு, திருப்புளி, சுத்தியல், தராசு எல்லாவற்றையும் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் அடுக்கியிருந்தோம். பொட்டு வைப்பது முதலாளி மட்டும்தான். அதில் அவர் குடும்பத்துக்கென்று ஒரு முறை உண்டு. ஆயுதத்தின் எந்த இடம் அசைகிறதோ அந்த இடத்தில்தான் பொட்டு. குறடு என்றால் நடு ஆணியில், தராசு என்றால் முள்ளில். "அசையிற எடத்துலதான்டா அதுக்கு உசுரு" என்பார். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனார். மடக்குத் துப்பாக்கிக்கு மூட்டில் ஒரு பொட்டு. அடி லிவருக்கு லிவரின் வேரில், அந்தப் பற்களின் மேல், தாராளமாக ஒரு பொட்டு.

பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்தாயிற்று. அடுக்கிய ஆயுதங்களை மறுநாள் நல்ல நேரம் வரும்வரை யாரும் தொடக்கூடாது. முதலாளியின் அப்பா மெக்கானிக்காக இருந்தவர். ஒரு பூசை நாளில் யாருக்கோ அவசரம் என்று இலையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, மறுநாளே மோட்டார் பெல்ட்டில் கையைக் கொடுத்தவர். பாதிக் கையோடு அவர் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் முதலாளி வளர்ந்தார். அதனால் அன்றைக்கு அவர் எதையும் தொடமாட்டார், தொடவும் விடமாட்டார்.

உச்சிவெயிலில் மீன்சுருட்டியிலிருந்து அவருடைய பங்காளி ஒருவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். குதிரில் எலி, விதைக்கு வைத்திருந்ததையெல்லாம் தின்கிறது, துப்பாக்கி இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்று நின்றார். முதலாளி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, "துப்பாக்கி நம்ம விக்கிற சாமான். ஆயுதமில்ல. எடுத்துக் காட்டு" என்றார்.

"அப்ப எதுக்கு மொதலாளி அதுக்கும் பொட்டு வெச்சீங்க?" என்றாள் கொளஞ்சி.

"நீ போலீசாப் போயி அங்க குறுக்கு விசாரண பண்ணு. இங்க வேணாம்."

அடி லிவரை எடுத்து மேசைமேல் வைத்தோம். எங்கள் கடையில் அதை இரண்டு பேராகத்தான் காட்டுவோம். நான் லிவரை இழுத்துப் பிடித்துக்கொள்வேன், கொளஞ்சி ரவையைப் போடுவாள். கொக்கி இருக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எனக்கு அந்தத் துப்பாக்கி மேல் பயம். பயத்தில் பிடித்துக்கொண்டே நிற்பேன், அவள் அதற்கும் கேலி செய்வாள்.

இழுத்தேன். டக் டக் சத்தம் வரவில்லை. வரவில்லை என்பது காதில் விழுந்தது. ஆனால் மீன்சுருட்டிக்காரர் அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு எலியின் நீளத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்தது. கொளஞ்சி ரவையோடு ஆட்காட்டி விரலை உள்ளே விட்டாள். என் உள்ளங்கையில் வியர்வை. பிடி ஒரு விரற்கடை நழுவியது. கொக்கி விழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். விழவில்லை.

"அண்ணே" என்றாள். கத்தவில்லை, கூப்பிடுவதுபோலத்தான் சொன்னாள்.

இரண்டு கையாலும் லிவரைப் பிடித்துவிட்டேன். உருளை பாதி மூடி, அவள் விரலின் மேல் நின்றது. நகத்துக்குக் கீழே கோடு மாதிரி இரத்தம் வந்தது. நான் திரும்பக் கீழே இழுத்தேன். இறங்கவில்லை. அவள் விரலிலிருந்து தவறிய ரவை, லிவர் ஓடுகிற பள்ளமான காடிக்குள் விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது. கீழே போக வழியில்லை. மேலே போகத்தான் அந்த வில் முழு பலத்தோடு முட்டிக்கொண்டிருந்தது. நான் விட்டால் விரல் போயிற்று.

"வுட்டுறாதீங்கண்ணே."

"விடமாட்டேன்."

மீன்சுருட்டிக்காரர், "நான் புடிக்கிறேன் தள்ளு" என்று கையை நீட்டினார். "யாரும் தொடாதீங்க" என்றாள் கொளஞ்சி. அந்தக் குரலுக்கு அவர் கை அப்படியே நின்றது. கை மாற்றுகிற நேரத்தில் ஒரு நூல் இடம் கொடுத்தாலும் போதும், முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு கையால் தன் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி முதலாளியிடம் கொடுத்தாள். அவர் மண்டியிட்டு, காடியில் விட்டு நெம்பினார். ஹேர்பின் வளைந்தது. ஈயம் இன்னும் உள்ளே போய் அமர்ந்தது.

"திருப்புளி" என்றேன்.

திருப்புளிகள் எல்லாம் இலையில் இருந்தன. சின்னது, பெரியது, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலாளி எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். கையை நீட்டினார். எடுக்கவில்லை. என் தோள்பட்டை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அவர் ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாய்விட்டுத் திட்டியும் விட்டேன். அவர் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் முகத்தைக் கண்டேன். சாமிக்காகப் பயந்த முகம் இல்லை அது. தான் எடுத்தால் இவளுக்கும் கை போய்விடுமோ என்ற பயம். ஒரு குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"எடுக்கட்டுமா ம்மா?"

"எடுங்க மொதலாளி. சாமி கேட்டா நான்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

எடுத்தார். எடுத்த வேகத்தில் விளக்குச் சாய்ந்து எண்ணெய் கொட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை. தரையில் படுத்துக்கொண்டு, காடியில் திருப்புளியை விட்டுக் கிளறினார். முதலில், கொக்கி விழ இடமில்லாமல் பற்களை அடைத்திருந்த காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகும் கிளறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரவை தரையில் விழுந்து உருண்டதுதான் கேட்டது. லிவர் கீழே இறங்கியது. "எடுத்துட்டேண்ணே" என்றாள். அதன் பிறகுதான் விட்டேன். உருளை வெறும் வாயில் வந்து மோதிய சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

முதலாளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நகம் பெயர்ந்திருந்தது, சதை கிழிந்திருந்தது. அவரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கொண்டுவந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பூசை கலைந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன்சுருட்டிக்காரர் எலிப்பொறி வாங்கிக்கொண்டு போனார்.

திருச்சிக்குப் போய்விட்டு வந்த அன்று கொளஞ்சி நேராகக் கடைக்குத்தான் வந்தாள். முதலாளி வாசலுக்கே போய்விட்டார். அவர் கண் முதலில் போனது அவள் விரலுக்கு.

"ஓட்டத்துல போச்சு மொதலாளி" என்றாள். "கொஞ்சம் பின்னாடி வந்துட்டேன்."

அவர் மூச்சுவிட்டதை நான் பார்த்தேன். ஓட்டம்தானே, ஓட்டத்தைச் சரி பண்ணிவிடலாம் என்றார். மறுநாளே டவுனில் இருந்ததிலேயே நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து, "அடுத்த தடவ இத போட்டுக்கிட்டு ஓடு" என்று கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தை பிறக்கும்வரை தினமும் விடிகாலையில் அந்த ஷூவோடு ஓடினாள். தையில் கல்யாணம். உடையார்பாளையம் போய்விட்டாள். மாமன் நல்ல மனிதர்தான், முந்திரித் தோப்பு, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் ஆயுதபூசைக்கு முந்திரியோடு கடைக்கு வந்துவிடுவாள். வந்தால், கடையில் யார் இருந்தாலும் அவர்களைப் பிடித்து உட்காரவைத்து முதலாளி அந்தக் கதையைச் சொல்லுவார். "இந்தப் புள்ள வெரல நான்தான் காப்பாத்துனேன். சாமி ஆயுதத்தயே எடுத்தேன். ஒன்னும் ஆவல பாரு" என்பார். அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பயம் அந்த ஒரு நாளோடு அவரைவிட்டுப் போயிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்போது அந்தக் கடை இல்லை. அங்கே செல்போன் விற்கிறார்கள். துப்பாக்கிச் சுவரை உடைத்துக் கண்ணாடி வைத்துவிட்டார்கள். துப்பாக்கி என்றால் வாத்தியாருக்கு வந்ததுபோல அட்டைப்பெட்டியில் வீட்டுக்கே வருகிறது, எலிக்கா முயலுக்கா என்று கேட்க நடுவில் ஆள் கிடையாது. அடி லிவரை நான் பார்த்தே பல வருடம் ஆகிறது. நான் வேலை செய்கிற லாரி ஆபீசில் ஆயுதபூசைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறார்கள். அசையாத இடமாகப் பார்த்து, திரையின் மூலையில்.

முதலாளி போன வருடம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொளஞ்சி வந்திருந்தாள். பந்தலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். துக்க வீட்டில் ஏதாவது பேச வேண்டுமே என்று, "அந்த ஷூவ போட்டுக்கிட்டு நீ ஓடுனத நெனச்சா இப்பவும் ஆச்சரியமா இருக்கு. ஓட்டத்துல தோத்தவ மாதிரியே தெரியல" என்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லா விரல்களும் மடங்க, ஆட்காட்டி விரல் மட்டும் நீட்டியபடியே நின்றது. இத்தனை வருடம் அந்த விரலை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அந்த மைதானத்தில் அவளை முந்தி ஓடிய ஒரு ஆளை நான் கண்டதே இல்லை. அப்படியும் ஓட்டத்தில் போயிற்று என்று அவள் சொன்னதைக் கேள்வி கேட்காமல் நம்பியிருந்தேன்.

"ஓட்டத்துல நான்தாண்ணே மொதல்ல வந்தேன்" என்றாள். "குண்டுதான் கையில நிக்கல. வெரலு மடங்கல. நழுவி நழுவி காலடியிலயே வுழுந்துச்சு."

"அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்புடிண்ணே சொல்றது? வாசல்லயே வெரலத்தான பாத்தாரு."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எங்கள் முதலாளி போன பதினாறாம் நாள்தான் அந்த ஓட்டத்தில் அவள் ஜெயித்தாள்.